சுடக்கூடாத ஊர்

செந்தேரிவிளையின் நடுத்தெருக் கிணறு ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், இருந்த இடத்திலிருந்து நாற்பதடி கிழக்கே தள்ளி, மாதா கோவில் சுவரை ஒட்டி நின்றபோது ஊரில் யாரும் கூச்சல் போடவில்லை. தண்ணீர் அதே கரிக்கும் தண்ணீராகத்தான் இருந்தது, உருளை அதே கிறீச்சிடும் உருளையாகத்தான் இருந்தது, ஆகவே கீழத்தெருப் பெண்கள் நடை மிச்சம் என்று சந்தோஷப்பட்டார்கள், மேலத்தெருப் பெண்கள் நடை கூடிவிட்டது என்று பஞ்சாயத்துத் தலைவரைத் திட்டினார்கள், தலைவர் தவசிமுத்து கீழத்தெருவில் அதைத் தன் சாதனை என்றும் மேலத்தெருவில் அதை முந்தின தலைவர் செய்த கோளாறு என்றும் சொல்லிக்கொண்டார். அரசாங்கம் செய்வதற்கெல்லாம் காரணம் கேட்டுக்கொண்டு நின்றால் குடத்தில் தண்ணீர் ஏறுமா?

காரணம் தெரிந்திருக்க வேண்டிய ஒரே ஆள் பால்வாடி டீச்சர் மரியபுஷ்பம்தான். அவளுக்கும் அன்றைக்குத் தெரியவில்லை.

மரியபுஷ்பத்துக்கு நாற்பத்தொன்பது வயது, பிள்ளை இல்லை. புருஷன் சூசைமாணிக்கம் பதினோரு வருஷத்துக்கு முன்னால் சரக்குக் கப்பலில் வேலைக்குப் போனவன். கப்பல் திரும்பி வந்தது, அவன் வரவில்லை. மங்களூரில் ஒருத்தியோடு குடும்பம் நடத்துவதைக் கண்ணால் பார்த்தோம் என்று இரண்டு பேர் சொன்னார்கள், கடலில் விழுந்து செத்தான் என்று மூன்று பேர் சொன்னார்கள், மூன்று பேர் சொல்வதை நம்புவதுதான் மரியாதை என்று அவள் நம்பிக்கொண்டாள்.

இந்தத் தேசத்தில் எதை எண்ண வேண்டியிருந்தாலும் கடைசியில் அது பால்வாடி டீச்சர் தலையில்தான் வந்து விழும். போலியோ சொட்டு மருந்துக்குப் பிள்ளைகளை எண்ணியது அவள்தான், கக்கூஸ் உள்ள வீடுகளையும் இல்லாத வீடுகளையும் எண்ணியது அவள்தான், கறவை மாடுகளை எண்ணியதும் அவள்தான். ஆகவே செம்மணல் மேடுகளான தேரிக்காட்டு ஓரத்தில் ஒரு நாள் ராணுவ ஜீப் வந்து நின்றதும், ஊர் நேராக அவள் வீட்டைக் கைகாட்டியது.

ஜீப்பிலிருந்து கேப்டன் நேகி என்ற வடக்கத்தி மலைநாட்டு அதிகாரியும், அவர் பேசுவதைத் தமிழில் சொல்ல நாயக் பதவியில் இருந்த குணசீலன் என்ற விருதுநகர்ப் பக்கத்துச் சிப்பாயும் இறங்கினார்கள். எதிரி நாட்டின் பாலைவனத்தில் ஒரு ஊரைப் பிடிப்பது எப்படி என்று பயிற்சி செய்ய வேண்டுமாம். எதிரி தன் ஊரை அளந்துகொள்ள விடமாட்டான் அல்லவா, அதனால் மணல் அதே மாதிரி சிவந்து கிடக்கிற செந்தேரிவிளையைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்களாம்.

"உங்க ஊரு மாதிரியே கம்ப்யூட்டருக்குள்ள இன்னொரு ஊரு செய்யறோம், டீச்சர்," என்றான் குணசீலன். "டிஜிட்டல் ட்வின்னு பேரு. ரெட்டைப் பிள்ளை மாதிரி. இங்க ஒரு பனைமரம்னா அங்கயும் ஒரு பனைமரம். இங்க ஒரு ஆளுன்னா அங்கயும் ஒரு ஆளு. அந்த ஊருல சண்டை போட்டுப் பார்ப்போம். நிஜ ஊருக்கு ஒரு கீறல்கூட விழாது."

"அந்த ஊருல நாங்க எதிரியாக்கும்?"

குணசீலன் கேப்டனிடம் கேட்டான். கேப்டன் தொப்பியைக் கழற்றி, மிகவும் மரியாதையாக, ஆமாம் என்று தலையசைத்தார்.

மேலே குட்டி விமானங்கள் வட்டமடித்துப் படம் எடுத்துக்கொண்டிருந்த பதினெட்டு நாளும் கீழே மரியபுஷ்பம் நோட்டுப் புத்தகத்தோடு தெருத்தெருவாக அலைந்து, இருநூற்றுப் பதினான்கு வீடுகளையும், வீட்டு ஆட்களையும், கோழி ஆடு மாடுகளையும், கிணறு குழாய் மரங்களையும் எழுதி, நாலாம் பத்தியில் வீட்டில் இருப்போர் எண்ணிக்கையை நிரப்பிக்கொண்டே வந்து, தன் வீட்டு வரிசையில் ஒன்று என்று போட்டு, அடியில் கையெழுத்தும் வைத்துக் கொடுத்தாள். எங்கோ ஒரு பெரிய நகரத்தில், குளிரூட்டிய கட்டடத்தில், செந்தேரிவிளை இரண்டாம் முறை பிறந்தது. அதற்கு மறுநாள்தான் கிணறு நகர்ந்தது.

அதற்கும் மறுநாள் லியோன் அண்ணாச்சி அவள் வாசலில் வந்து நின்றார். அவர் தேரியில் ஆடு மேய்ப்பவர், கோபம் வந்தாலும் குரல் உயராத மனிதர்.

"டீச்சர், எனக்கு எத்தனை ஆடுன்னு எழுதுனிய?"

"பதினேழு, அண்ணாச்சி."

"நோட்டை எடுத்துப் பாருங்க."

பார்த்தாள். வெயிலில் நின்று எழுதியதில் பேனா இலக்கத்தை மாற்றிப் போட்டிருந்தது. எழுபத்தொன்று.

"காலையில எந்திரிச்சுப் பாக்கேன், பட்டியில எழுவத்தொண்ணு நிக்கி," என்றார் அவர். "எல்லாம் என்னைத் தெரிஞ்ச மாதிரியே பாக்குது. இவ்வளவுக்கும் தழைக்கு நான் எங்க போவேன்? ஒண்ணு ஆட்டைக் குறைங்க, இல்ல அதே நோட்டுல நாலு வேப்பமரத்தையும் சேர்த்து எழுதுங்க."

அவர் போன பிறகு மரியபுஷ்பம் தான் வரைந்து கொடுத்த தெருப்படத்தின் நகலை எடுத்துப் பார்த்தாள். தாளில் இடம் போதாமல் கிணற்றை மாதா கோவில் பக்கம் தள்ளி வரைந்திருந்தாள். நோட்டை மூடி வைத்துவிட்டு, ஒரு செம்பு தண்ணீர் குடித்துவிட்டு, இன்னும் வேறு என்னென்ன தப்பாக எழுதினோம் என்று அன்று முழுக்க யோசித்துக்கொண்டிருந்தாள்.

விஷயம் ஊருக்குள் பரவ ஒரு கருவாட்டு வாசனை பரவுகிற நேரம்தான் ஆனது. பரவியதும் ஊர் ஆச்சரியப்படவில்லை, வரிசையில் நின்றது. புதன்கிழமைதோறும் கேப்டன் திருத்தப் படிவங்களோடு வருவார் என்பதால், செவ்வாய்க்கிழமையே பால்வாடி வாசலில் கூட்டம் சேர்ந்தது. எனக்குச் சர்க்கரை வியாதி இல்லை என்று எழுதுங்கள், என் மருமகள் அரையடி குள்ளமாக எழுதுங்கள், என் வயசை நாற்பத்தி நாலோடு நிறுத்துங்கள், மேற்கு வேலியில் ஒரு முருங்கை வையுங்கள் என்று ஆளாளுக்குக் கேட்டார்கள், ஒருவர் அடுத்த வீட்டுக்காரருடைய முருங்கையை அழிக்கக் கேட்டார். மரியபுஷ்பம் உள்ளதை உள்ளபடிதான் எழுதுவேன் என்று பிடிவாதமாக இருந்தாள். ஆனால் எழுதியதெல்லாம் மறுநாள் காலையில் உள்ளதாகிவிடுகிறபோது அந்தப் பிடிவாதத்தை எங்கே ஊன்றி நிறுத்துவது என்பது அவளுக்கே குழப்பமாக இருந்தது. லியோன் அண்ணாச்சிக்கு வேப்பமரங்களை மட்டும் எழுதிக் கொடுத்தாள், ஆடுகள் பிறந்தது தன் பேனாவில் என்பதால்.

தவசிமுத்து இருபத்திரண்டு வருஷமாகக் கேட்டுக் கிடைக்காத தார்ச்சாலை, யாரும் கேட்காமலே ஒரு வியாழக்கிழமை வந்து கிடந்தது, ஏனென்றால் கம்ப்யூட்டருக்குள் இருந்த அந்த ஊரில் டாங்கிகள் வர ஒரு பாதை தேவைப்பட்டிருந்தது. நாலு வண்டிகள் பக்கம் பக்கமாகப் போகலாம், அவ்வளவு அகலம். தேரியின் நடுவே தொடங்கி ஊரைக் கிழித்துக்கொண்டு போய் மறுபடியும் தேரியின் நடுவே முடிந்தது. அது எந்த ஊருக்கும் போகாது என்றாலும், தவசிமுத்து ரிப்பன் கட்டித் திறந்து வைத்தார்.

"இப்படியெல்லாம் நடக்குதுன்னு உங்க கேப்டனுக்குத் தெரியுமா?" என்று ஒரு புதன்கிழமை மரியபுஷ்பம் கேட்டாள்.

குணசீலன் கேட்டான். கேப்டன் நகர்ந்த கிணற்றையும், ஆடுகளையும், எங்கும் போகாத சாலையையும் வரிசையாகப் பார்த்துவிட்டு நிதானமாக ஏதோ சொன்னார்.

"இது எதுவும் கையேட்டுல இல்லையாம். கையேட்டுல இல்லாதது நடக்க முடியாதாம். ஆனா தெருப்படத்தைக் கொஞ்சம் கவனமா வரையச் சொல்றார்."

ஐப்பசி பிறந்த வாரத்தில் அந்த ஊரில் சோதனைக்காக ஒரே ஒரு குண்டு போட்டுப் பார்த்தார்கள். இங்கே சத்தம் இல்லை, புகை இல்லை. லியோன் அண்ணாச்சியின் முந்திரித் தோப்பில் கட்டம் போட்டு வெட்டியது போலச் சரிசதுரமான ஒரு பள்ளம் இருந்தது, பதிமூன்று ஆடுகள் இல்லை. பத்து ஆடுகள் தோப்பில் நின்றவை. மூன்று ஆடுகளை அன்றைக்குக் காலையிலேயே அவருடைய மகள் பத்து மைல் தள்ளிச் சந்தைக்கு ஓட்டிப் போயிருந்தாள். அங்கே, அத்தனை ஜனத்துக்கு நடுவில், அவள் கையில் மூன்று கயிறு மட்டும் மிச்சமிருந்தது. கம்ப்யூட்டர் ஊரில் அவை தோப்பிலேயே நின்றிருந்தன.

எழுபத்தொன்று வேண்டாம் என்று சண்டைக்கு வந்த மனிதர் பள்ளத்தின் ஓரத்தில் உட்கார்ந்து பதிமூன்றையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு அழுதார். பேனா தவறி வந்த ஆடுகளுக்கும் அவர் பெயர் வைத்திருந்தார். மரியபுஷ்பம் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். ஊரைவிட்டு ஓடினாலும் பயனில்லை என்பது அந்த மூன்று கயிற்றைப் பார்த்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது.

அடுத்த புதன்கிழமை கேப்டன் ஜீப்பைவிட்டு இறங்கியதும் அவள் வழியை மறித்தாள்.

"பெரிய சண்டை எப்போ?"

"இந்த மாசக் கடைசி வெள்ளி. காலை பத்து மணிக்கு," என்றான் குணசீலன், கேப்டனைக் கேட்காமலே. "முதல்ல பீரங்கி. ஊரைத் தரைமட்டம் ஆக்கிட்டுத்தான் டாங்கி உள்ள வரும்."

"வேற ஊரை வச்சுப் பண்ணச் சொல்லு."

கேப்டன் இதற்கு நேரடியாகப் பதில் சொன்னார், அவருக்குத் தெரிந்த பத்துப் பதினைந்து தமிழ் வார்த்தைகளைப் பொறுக்கி எடுத்து.

"வேற ஊர்... அங்கேயும் ஒரு டீச்சர் இருக்கும்."

கேப்டன் ஜீப்புக்குள்ளிருந்து ஒரு தடித்த புத்தகத்தை எடுத்து, ஒன்பதாம் பக்கத்தைத் திறந்து, பால்வாடி மேசைமேல் வைத்துவிட்டு, பிள்ளைகள் சுவரில் ஒட்டியிருந்த காகிதக் கிளிகளை ரசிப்பதற்காகப் போவது போல முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

குணசீலன் குரலைத் தணித்து வாசித்தான். வழிபாட்டுத் தலங்கள், மருத்துவமனைகள், பள்ளிக்கூடங்கள் ஆகியவற்றின் மீது எந்த நிலையிலும் சுடக்கூடாது.

"சார் என்ன சொல்லச் சொன்னார்னா," என்று அவன் புத்தகத்தை மூடினான், "என்ன எழுதணும்னு அவர் உங்களுக்குச் சொல்ல முடியாது. சொன்னா வேலை போயிடும். திருத்தப் படிவம் அடுத்த புதன் சாயங்காலம் வரைக்கும் வாங்குவோம், அதை மட்டும் சொல்லலாமாம்."

அந்த ஒரு வாரம் செந்தேரிவிளையில் நடந்த விவாதத்தைப் போல அதற்கு முன்னால் எந்தத் தேர்தலிலும் நடக்கவில்லை. வீட்டை என்னவாக எழுதுவது என்று அண்ணன் தம்பி பேச்சு நின்றது, புருஷன் பெண்டாட்டி பேச்சு தொடங்கியது. லியோன் அண்ணாச்சி முழங்கால் வலிக்குத் தோதாக ஆஸ்பத்திரி கேட்டார். டீக்கடைக்காரர் பள்ளிக்கூடம் கேட்டார், அவர் இரண்டாம் வகுப்போடு நின்றவர், இனியாவது பள்ளிக்கூடம் தன்னை வெளியே அனுப்ப முடியாது என்றார். தவசிமுத்து தன் மாடி வீட்டைப் பல்கலைக்கழகமாக எழுதச் சொன்னார். படிவத்தில் அந்த வகை இல்லை என்றதும், அப்படியென்றால் முந்நூறு படுக்கை ஆஸ்பத்திரி, குறையக்கூடாது என்றார். ஊர் அம்மன் கோவிலுக்குள் இன்றுவரை அடியெடுத்து வைக்க விடாத வடக்குத் தெருவின் பதினெட்டு வீட்டுக்காரர்களும் கூடிப் பேசி, பதினெட்டையும் அம்மன் கோவில் என்றே எழுதச் சொன்னார்கள். ஊர்ப் பெரியவர்கள் அதற்கு ஆட்சேபம் சொல்ல வாயெடுத்து, வெள்ளிக்கிழமையை நினைத்து மூடிக்கொண்டார்கள்.

மரியபுஷ்பத்தின் பக்கத்து வீட்டுக்காரி பேச்சித்தாய் மட்டும் கடைசிவரை முடிவு சொல்லாமல் இழுத்தாள்.

"ஆஸ்பத்திரின்னா வீடெல்லாம் மருந்து நெடி அடிக்கும். பள்ளிக்கூடம்னா பிள்ளையள் கத்தும். அம்மன்னே போட்டுருங்க மைனி. ஆனா சின்ன அம்மனாப் போடுங்க. வீடு சிறுசு."

பொய் எழுதுகிறோம் என்ற உறுத்தல் மரியபுஷ்பத்துக்கு முதல் பத்து வீடு வரைக்கும் இருந்தது. நூறு வீடு தாண்டியபோது, வியாழக்கிழமை இதெல்லாம் உண்மையாகிவிடும், ஒரு நாள் முந்தி எழுதுகிறோம், அவ்வளவுதானே என்று சமாதானம் செய்துகொண்டாள். வீட்டில் இருப்போர் என்ற பத்தியில் இருந்தவர்களை எல்லாம் பூசாரி, உபதேசியார், நோயாளி, நர்ஸ், மாணவர் என்று பிரித்து எழுதினாள். எண்பத்திரண்டு வயதுக்காரர்கள் நாலு பேர் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தார்கள்.

புதன்கிழமை மத்தியானம் குணசீலன் படிவங்களைச் சரிபார்த்து, தலையைச் சொறிந்தான்.

"டீச்சர், ஒரு சிக்கல். ஊர்னு இருந்தா ஒரு குடியிருப்பு வீடாவது இருக்கணும். இல்லேன்னா சிஸ்டம் இந்தத் திருத்தத்தை ஏத்துக்காது, பழைய கணக்கையே எடுத்துக்கும்."

பால்வாடிக்கு வெளியே நின்ற கூட்டம் முழுக்கத் தத்தம் கால் விரல்களைப் பார்த்தது. சீட்டுக் குலுக்கிப் போடலாம் என்றார் தவசிமுத்து. முந்நூறு படுக்கை உள்ள இடத்தை அதில் சேர்ப்பது மட்டும் மனிதாபிமானம் ஆகாது என்றும் சொன்னார்.

"என் வீட்டை வீடாவே விட்டுருங்க," என்றாள் மரியபுஷ்பம்.

பேச்சித்தாய் அவள் கையைப் பிடித்தாள். "என்ன மைனி இப்படிச் சொல்லுதிய? ஒத்தையில இருக்கியளே!"

"ஒத்தையில இருக்கதாலதான் சொல்லுதேன். ஒரு ஆளோட போவும்."

இதைச் சொன்னபோது அவளுக்குத் தியாகம் செய்கிற நினைப்பு ஒன்றும் இல்லை, கணக்குச் சரியாக வருகிறது என்ற நினைப்புதான் இருந்தது. படிவத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய், பிள்ளைகளின் சின்ன நாற்காலியில் உட்கார்ந்து, தன் வீட்டு வரிசையில் நாலாம் பத்திக்கு வந்ததும்தான் பேனா நின்றது.

இத்தனை மாதமும் அவள் தொடாமல் வைத்திருந்த பத்தி அது. இரண்டு என்று எழுதினால் போதும், வியாழக்கிழமை காலையில் சூசைமாணிக்கம் கட்டிலில் உட்கார்ந்து காப்பி கேட்பான். கடலிலிருந்து வந்தாலும் சரி, மங்களூரிலிருந்து வந்தாலும் சரி, வந்தாக வேண்டும். ஊர்க்காரர்களுக்கு முருங்கை கூடாது என்று சொல்லிவிட்டுத் தனக்குப் புருஷனை எழுதிக்கொள்வது அழகல்ல என்று இத்தனை நாள் விட்டிருந்தாள். இன்றைக்கு வேறு மாதிரி யோசனை வந்தது. வியாழக்கிழமை வருவான், வெள்ளிக்கிழமை பத்து மணிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பான், பதினோரு வருஷத்தில் ஒரு தடவையாவது அவளுக்கு நேர்வது அவனுக்கும் நேரும். கொஞ்ச நேரம் அந்த யோசனை பலாச்சுளை மாதிரி இனித்தது. அவள் அதைச் சுவைத்து முடிக்கும்வரை வெளியே குணசீலன் பொறுமையாகக் காத்திருந்தான். பிறகு அவள் ஒன்று என்று எழுதி, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள்.

வியாழக்கிழமை காலையில் செந்தேரிவிளையில் வீடு என்று ஒன்றே ஒன்றுதான் இருந்தது. மற்ற இருநூற்றுப் பதிமூன்றிலும் கோபுரங்களும் சிலுவை நின்ற குருசடிகளும் மினாராக்களும் மணிகளும் கரும்பலகைகளும் இரும்புக் கட்டில்களும் முளைத்திருந்தன. வடக்குத் தெருவில் பதினெட்டு அம்மன்கள், ஒருத்தி ஜாடை ஒருத்திக்கு இல்லாமல், எண்ணெய் மினுங்க உட்கார்ந்திருந்தார்கள். ஊர் அம்மன் கோவில் பூசாரி ஒரு குறை கண்டுபிடிக்கலாம் என்று போய்ப் பார்த்து, கன்னத்தில் போட்டுக்கொண்டு திரும்பினார். தவசிமுத்துவின் முந்நூறு படுக்கைகள் அவருடைய வீட்டுக்குள் அடங்காமல் தெருவரை வந்து, தெருவைத் தாண்டித் தார்ச்சாலைமேல் வரிசையாக நின்றன. பேச்சித்தாயின் அம்மன், கேட்டபடியே, ஒரு முழ உயரத்தில் இருந்தாள்.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு மரியபுஷ்பம் அடுப்படியில் உட்கார்ந்து உள்ளி உரித்துக்கொண்டிருந்தாள். எப்படியும் குழம்பு வைக்கப்போவதில்லை என்றாலும் கை சும்மா இருக்க மறுத்தது. ஜெபம் சொல்லலாம் என்று தொடங்கி, பாதியில் வார்த்தை மறந்து, பால்வாடியில் சொல்லிக்கொடுக்கிற ஒன்று இரண்டு மூன்றைச் சொல்லிக்கொண்டிருந்தாள். வெளியே தேரியில் சத்தமே இல்லாமல் சதுரப் பள்ளங்கள் விழத் தொடங்கின. பனைமரங்கள் நின்ற இடத்தில் பனைமரங்கள் இல்லை. ஒரு பள்ளம் அவள் வீட்டுக்கு இருபதடியில் விழுந்து, வேலியில் பாதியைத் தின்றது. பேச்சித்தாய் தன் சின்ன அம்மனின் மணியைப் பிடித்து ஆட்டத் தொடங்கியதும், மாதா கோவில் மணி அடித்தது, பதினெட்டு அம்மன்களின் மணிகள் அடித்தன, பள்ளிக்கூட மணிகள் அடித்தன, பாங்கு ஒலித்தது, ஒற்றை வீட்டைச் சுற்றி இருநூற்றுப் பதிமூன்று சுடக்கூடாத இடங்களும் கத்திக்கொண்டிருந்தன. அவள் நாலாயிரத்துச் சொச்சம் எண்ணியிருந்தபோது கண்ணெரிச்சல் தாங்காமல் நிமிர்ந்து பார்த்தாள். மணி பன்னிரண்டேகால். ஒரு முறம் நிறைய உள்ளி உரித்திருந்தாள். தலைக்கு மேல் ஓடு அப்படியே இருந்தது.

சனிக்கிழமை ஜீப் வந்தது. கேப்டன் அவள் வீட்டு முற்றத்தில் நின்று தொப்பியைக் கழற்றினார். தாக்கப் போன படை தோற்றுவிட்டதாம்; ஊரில் சுட ஒன்றுமில்லாமல், சாலையில் நின்ற ஆஸ்பத்திரிக் கட்டில்களைத் தாண்டி டாங்கிகள் நகர முடியாமல், மூன்று மணி நேரம் நின்றுவிட்டுச் சரணடைந்ததாம். எதிரி வென்றதாக அறிக்கையில் எழுதியிருக்கிறார்களாம்.

"எதிரின்னா நாமதானே," என்றாள் மரியபுஷ்பம். "என் வீட்டை ஏன் விட்டுட்டியன்னு கேளு."

குணசீலன் அறிக்கையைப் புரட்டி, சங்கடத்தோடு வாசித்தான். "இலக்கு எண் நூற்றுப் பதினான்கு. ஒரு குடியிருப்பு. ஒரு பெண், வயது நாற்பத்தொன்பது. ராணுவ முக்கியத்துவம் எதுவும் இல்லை. சுடத் தேவையில்லை."

முதலில் அவளுக்கு உடம்பு லேசானது. பிறகு கோபம் உச்சந்தலைக்கு ஏறியது.

"முக்கியத்துவம் எதுவும் இல்லையாமா? இந்த ஊரையே எழுதுனவ நான். என்னை விட்டா இவியளுக்கு வேற யாரு எதிரி? யாரு இப்படி எழுதுனது?"

குணசீலன் வாயைத் திறக்குமுன் கேப்டன் தன் நெஞ்சில் விரலை வைத்துக் காட்டினார். அவர் முகத்தில் ஒன்றையும் வாசிக்க முடியவில்லை. அவர் தமிழில் மெதுவாகச் சொன்னார்:

"நானும் ஃபாரத்துலதான் எழுதினேன், டீச்சர்."

அவள் உள்ளே போய் இரண்டு டம்ளரில் காப்பி போட்டுக் கொண்டுவந்து கொடுத்தாள். இருவரும் நின்றபடியே குடித்துவிட்டுப் போனார்கள். பயிற்சி முடிந்துவிட்டதால் கம்ப்யூட்டர் ஊரை அப்படியே பூட்டி வைத்துவிட்டார்கள் என்றும், இனிமேல் திருத்தம் எதுவும் செய்ய முடியாது என்றும் பிறகு ஒரு கடிதம் வந்தது.

ஆக, செந்தேரிவிளை அப்படியே நின்றுவிட்டது. சனங்கள் கோவிலில் படுத்தார்கள், ஆஸ்பத்திரியில் சமைத்தார்கள், வகுப்பறையில் பிள்ளை பெற்றார்கள். உயிர் மிஞ்சிய சந்தோஷத்தில் பத்து நாள் ஓடியது. பதினோராம் நாள் பேச்சித்தாய் ஒரு நெய்மீனை வாழையிலையில் சுற்றி எடுத்துக்கொண்டு மரியபுஷ்பத்தின் பின்வாசலில் வந்து நின்றாள்.

"மைனி, அம்மன் முகத்துக்கு நேரா எப்படி மீன் பொரிக்க? உங்க அடுப்புல ஒரு பக்கமா..."

"வா. பொரிச்சுக்க."

மறுநாள் நாலு பேர் மீனோடு வந்தார்கள். அதற்கு மறுநாள் ஒரு புருஷனும் பெண்டாட்டியும் வந்து, பாங்கு சொல்கிற இடத்தில் சத்தம் போட்டுச் சண்டை பிடிக்க முடியவில்லை, அரை மணி நேரம் கூடத்தை விட்டுக்கொடுங்கள் என்று கேட்டுச் சண்டை பிடித்துவிட்டு, நன்றி சொல்லிவிட்டுப் போனார்கள். நோயாளியாகவே இருந்து அலுத்துப்போன லியோன் அண்ணாச்சி சுகமாக இருக்க வந்தார். புதிதாகக் கல்யாணமான ஜோடி ஒன்று, எதற்கு என்று சொல்லாமல், நிலைப்படியில் கூச்சத்தோடு நின்றது. மரியபுஷ்பம் சாவியை அவர்கள் கையில் கொடுத்துவிட்டுக் கடைக்குப் போனாள். தவசிமுத்துகூட ஒரு நாள் வந்து, முந்நூறு கட்டில் இருந்தும் நர்சுகள் தூங்கவிடவில்லை என்று சொல்லி, கூடத்து மூலையில் வெறுந்தரையில் படுத்துக் குறட்டை விட்டார். பதினோரு வருஷமாக ஒற்றைத் தட்டு கழுவிய வீட்டில் யார் தட்டு யாருடையது என்று தெரியாமல் போயிற்று.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அவள் வந்தபோது, அடுப்படியில் எட்டுப் பேர் மீன் பொரித்துக்கொண்டும், கூடத்தில் இரண்டு சண்டைகள் ஒன்றாக நடந்துகொண்டும், ஒரு சண்டைக்காரி மற்ற சண்டைக்குத் தீர்ப்புச் சொல்லிக்கொண்டும் இருந்தார்கள். கட்டிலில் யாருடைய பிள்ளையோ தூங்கியது.

"ஐயையோ, டீச்சர், நீங்க எங்கன படுப்பிய?" என்றாள் யாரோ ஒருத்தி, நகராமலே.

மரியபுஷ்பம் யாரையும் திட்டவில்லை. சுவரோரம் சுருட்டி வைத்திருந்த பாயை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, வெயிலில் இறங்கி, பாதி வேலியைத் தாண்டி, பேச்சித்தாயின் கோவிலுக்குள் போனாள். பேச்சித்தாய் இவள் வீட்டில் வாணலியோடு நிற்கிறாள் அல்லவா, கோவில் ஆளரவமில்லாமல் குளிர்ந்து கிடந்தது. ஒரு முழ அம்மன் கற்பூரப் புகைக்கு நடுவே தனியாக உட்கார்ந்திருந்தாள். மரியபுஷ்பம் சிலுவை போட்டுக்கொண்டு அவள் எதிரே கொஞ்ச நேரம் நின்றாள். இடம் சிறுசு. பாயை விரித்தால் கால் பீடத்தில் இடிக்கும்.

"கொஞ்சம் தள்ளி உக்காரு, தாயி," என்றாள்.

அம்மன் தள்ளி உட்கார்ந்தாள்.